புதிய வண்டிக்குப் பழைய வண்டி: மாற்றிக்கொள்ளலாமா?

மோட்டார் வண்டி வாங்குவது எப்படி என்று கேட்போர் பலர். கையிலுள்ள வண்டியைக் கொடுத்துவிட்டு அதனினும் பழையதொன்றைப் பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்போர் சிலரே. எனினும் அச்சிலருடைய கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. தருமபுரி மாவட்டத்தில் தக்காளி பயிரிடுவோர், மல்பெரித் தோட்டம் வைத்துப் பட்டுப்புழு வளர்ப்போர், தறிவேலை குறைந்த மாதங்களில் சரக்கு வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காக்கும் நெசவாளர் ஆகிய யாருக்கும் இக்கேள்வி எழக்கூடும்.

நிலைமை பெரும்பாலும் இதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் தவணையில் எடுத்த பிக்கப் வண்டி வாசலில் நிற்கிறது. மாதந்தோறும் தவணை கட்டியாக வேண்டும். விளைபொருளுக்கோ விலையில்லை. அவ்வேளையில் அறிந்தவர் ஒருவர் வந்து, “என்னிடம் ஒன்பது வருடத்து வண்டி ஒன்று கடனில்லாமல் இருக்கிறது. அதை நீங்கள் எடுத்துக்கொண்டு, உங்கள் வண்டியை எனக்குக் கொடுங்கள். வித்தியாசத் தொகையைத் தந்துவிடுகிறேன். அதைக் கட்டிக் கடனிலிருந்து விடுபடுங்கள்” என்கிறார். கேட்பதற்கு இனிமையான சொற்களே. அவற்றை ஏற்பதா, மறுப்பதா என்பதை எவ்வாறு முடிவு செய்வது என்று இங்கே ஆராய்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். “இந்த வண்டிக்கு இவ்வளவு பணம் போட்டுவிட்டோமே, இதை எப்படி விடுவது?” என்பார் சிலர். “இதனால் எவ்வளவோ நஷ்டப்பட்டுவிட்டோம், ஒழிந்தால் போதும்” என்பார் வேறு சிலர். இவ்விருவரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். நேற்று வரையில் போட்ட பணமும், பட்ட நஷ்டமும், வண்டியை வைத்துக்கொண்டாலும் திரும்பி வாரா. கொடுத்துவிட்டாலும் திரும்பி வாரா. ஆகவே அவற்றைக் கணக்கின் எந்தப் பக்கத்திலும் எழுத வேண்டுவதில்லை. இன்றைய தேதியில் கோடு கிழித்து, இன்று தொடங்கி இரண்டு ஆண்டுகளில் எவ்வண்டிக்கு எவ்வளவு செலவாகும் என்பதையே பார்த்தல் வேண்டும்.

கணக்கு

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. அங்கத்தினர்கள் தத்தம் வண்டிக்குரிய தொகைகளை இவற்றின் இடத்தில் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று வருடத்து வண்டியின் இன்றைய விலை 6,00,000 ரூபாய். அதன்மேல் கடன் பாக்கி 3,50,000 ரூபாய். வட்டி, குறைந்துவரும் பாக்கியின் மீது நூற்றுக்கு 12. இன்னும் 24 தவணைகள் உள்ளன. மாதத் தவணை 16,475 ரூபாய். எதிரில் நிற்கும் ஒன்பது வருடத்து வண்டியின் விலை 2,50,000 ரூபாய். வித்தியாசமாகிய 3,50,000 ரூபாயை அவர் கொடுக்க, கடன் தீர்கிறது. இம்மாற்றத்தினால் நம் கைக்கு ஒரு பைசாவும் மிகுதியாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாற்றத்திற்கு முன் 6 லட்சம் பெறுமான வண்டியும் மூன்றரை லட்சம் கடனுமாக, நமக்கு உரியது இரண்டரை லட்சம். மாற்றத்திற்குப் பின்னும் அதே இரண்டரை லட்சந்தான், வேறு வடிவில்.

இனிச் செலவுக்கு வருவோம். 24 தவணைகளும் சேர்ந்து 3,95,400 ரூபாய் ஆகும். “புதிய வண்டியால் இரண்டு வருடத்தில் நான்கு லட்சம் போகிறதே!” என்று மனம் துணுக்குறும். ஆனால் இதில் 3,50,000 ரூபாய் அசல். அசலைக் கட்டுவது செலவன்று. நம் வண்டியை நாமே மீட்டுக்கொள்வதாகும். உண்மையான செலவு 45,400 ரூபாய் வட்டி மட்டுமே. இதற்கு மாறாக, யாரும் கையில் எடுத்துக் கொடுக்காததால் கண்ணுக்குத் தெரியாத செலவொன்று உண்டு. அது தேய்மானம். இன்று 6 லட்சத்துக்கு விலைபோகும் வண்டி இரண்டு ஆண்டு கழித்து 4,40,000 ரூபாய்க்கே போகுமானால், 1,60,000 ரூபாய் சத்தமின்றிக் கரைந்துவிட்டது. தவணையைப் பார்த்து அஞ்சுகிறவர் தேய்மானத்தைப் பார்த்து அஞ்சுவதில்லை. உண்மையில் பெரிய தொகை அதுவே. இவற்றோடு வண்டிச் சேதத்திற்கான இன்சூரன்ஸ் இரண்டு ஆண்டுக்கு 20,000, பழுதுபார்ப்பு 50,000 சேர்த்தால், புதிய வண்டிக்கு ஆகும் செலவு 2,75,400 ரூபாய்.

பழைய வண்டிக்கு வட்டி இல்லை. தேய்மானமும் குறைவு, இரண்டரை லட்சத்து வண்டி 1,80,000க்கு இறங்கினால் 70,000 ரூபாய். ஆனால் கடனை முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணமும் பெயர் மாற்றச் செலவும் 20,000. எடுத்தவுடன் டயர், கிளட்ச், பிரேக் லைனிங், பட்டைகள் என்று செய்ய வேண்டிய வேலைக்கு 50,000. பிறகு இரண்டு ஆண்டுப் பழுதுபார்ப்பு 80,000. ஆண்டுதோறும் எஃப்.சி., பசுமை வரி ஆகிய வகையில் மிகையாக 10,000. இவை தவிர, பட்டறையில் நிற்கும் நாள்கள். புதிய வண்டியைவிட ஆண்டுக்கு 12 நாள் கூடுதலாக நிற்பதாகவும், அந்நாளில் 3,000 ரூபாய்க்கு வாடகை வண்டி பிடிப்பதாகவும் கொள்வோம். நம் வண்டிக்கு ஆகியிருக்கும் டீசல் 1,000 ரூபாயைக் கழித்தால், நாளொன்றுக்கு 2,000 வீதம் 24 நாளுக்கு 48,000. ஆக மொத்தம் 2,78,000 ரூபாய்.

இரண்டுக்கும் வித்தியாசம் 2,600 ரூபாய். மாதத்திற்கு 108 ரூபாய்தான். இது நாம் எடுத்துக்கொண்ட தொகைகளின் விளைவு என்பது உண்மையே. ஆயினும், “பழையது மலிவு” என்றோ “புதியது மிச்சம்” என்றோ கணக்குப் போடாமல் சொல்வதற்கு இடமில்லை என்பது இதனால் விளங்கும். எந்த வரி மாறினால் முடிவு மாறும் என்று தேடினால், நிற்கும் நாளின் வரியே முதலில் கண்ணில் படுகிறது.

நிற்கும் நாளின் விலை

நிற்கும் நாளின் விலை எல்லாருக்கும் ஒன்றன்று. ஏற்றும் சரக்கைப் பொறுத்தது.

அரூர்ப் பக்கத்தில் மரவள்ளி பயிரிட்டவர் வண்டி இரண்டு நாள் நின்றால், கிழங்கை இரண்டு நாள் கழித்துப் பிடுங்கலாம். நிலத்துக்குள் இருக்கும் வரையில் அதற்குக் கேடில்லை. அவருக்கு நிற்கும் நாளின் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நம் உதாரணத்தில் அந்த 48,000ஐ நீக்கிவிட்டால் பழைய வண்டி 45,000 ரூபாய்க்கு மேல் மலிவாகிவிடுகிறது.

பாலக்கோட்டு மண்டிக்குத் தக்காளி கொண்டுபோகிறவர் நிலை வேறு. பழுத்த தக்காளி மெக்கானிக்குக்காகக் காத்திராது. டன் தக்காளி கிலோ 15 ரூபாய் வீதம் போகுங்காலத்தில் ஒரு லோடு அழிந்தால் 15,000 ரூபாய். இரண்டு ஆண்டில் இரண்டு முறை அவ்வாறு நேர்ந்தால் 30,000. தக்காளி விலையோ ஓரிடத்தில் நிற்பதில்லை. 2023 ஜூலையில் தமிழ்நாட்டில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரத்தில் கொட்டப்பட்ட காலங்களையும் நாம் அறிவோம். நல்ல விலையுள்ள வாரத்தில் வண்டி நின்றதென்றால், அந்த ஒரு நாளின் நஷ்டம் ஆண்டு முழுவதும் மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடும்.

பட்டுக்கூடு வைத்திருப்போர் இதனினும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். புழு கூடு கட்டத் தொடங்கிச் சுமார் 10, 12 நாள்களில் அந்து கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிப்படும். துளைபட்ட கூட்டிலிருந்து இழை எடுக்க முடியாது. அறுவடை செய்வதற்கே அந்நாள்களில் பாதி கழிந்துவிடும். எஞ்சிய நாள்களுக்குள் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோய் ஏலத்தில் விற்று, நூற்பாளரிடம் சேர்ந்து, உள்ளிருக்கும் கூட்டுப்புழு ஆவியிலோ வெப்பத்திலோ மடிய வேண்டும். சாக்கில் நெருக்கிக் கட்டிய கூடு வெயிலில் வழியில் நின்றால் வெப்பமேறித் தரம் கெடும். பூ பயிரிடுவோருக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியற்காலைச் சந்தை தவறினால் அன்றைய மல்லிகை அன்றே போயிற்று.

நெசவாளருக்குத் தம் சரக்கின்பொருட்டு வண்டி தேவைப்படுவது அரிது. பல தறிகளின் சேலையும் ஒரு மூட்டையில் அடங்கிவிடும். ஆனால் வாடகைக்கு ஓட்டும் நெசவாளருக்கு வண்டியே இரண்டாவது தறி. நிற்கும் நாளில் வருமானம் போவதோடு, வழக்கமாக அழைக்கும் வியாபாரி வேறு வண்டிக்குப் பழகிவிடுகிறார். இந்த நஷ்டத்தை ரூபாயில் எழுதுவது கடினம். எழுதாமல் விடுவதும் சரியன்று.

இங்கே மற்றொன்றையும் சொல்லிவிடுவது நலம். சொந்த வண்டியே வேண்டுமா என்ற கேள்வியை நம்மில் பெரும்பாலோர் கேட்பதேயில்லை. நம் உதாரணத்தில் புதிய வண்டிக்கு ஆண்டுச் செலவு 1,37,700 ரூபாய். மூன்றாம் நபர் இன்சூரன்ஸையும் சேர்த்தால் சுமார் 1,53,700. வாடகை வண்டியைவிட நடைக்கு 2,000 ரூபாய் மிச்சம் என்றால், ஆண்டுக்கு 77 நடைக்கு மேல் ஓடினால்தான் சொந்த வண்டி கட்டுப்படியாகும். பழைய வண்டிக்கும் ஏறத்தாழ அதே எண்தான் வரும். அறுவடைக் காலத்தில் மட்டும் 30, 40 நடை அடிப்பவர், வண்டியை மாற்றுவதைவிட விற்றுவிட்டு, அக்கம்பக்கத்து அங்கத்தினர் நால்வரோடு சேர்ந்து ஒரு வண்டியை வாடகைக்கு அமர்த்துவதே மேல். வீட்டு வாசலில் வண்டி நிற்பது ஒரு கௌரவம் என்பதை நாம் மறுக்கவில்லை. கௌரவத்திற்கும் தேய்மானம் உண்டு.

வண்டியின் தலைமுறை

இப்பொழுது எதிரெதிரே நிற்கும் இரண்டு வண்டிகளும் வயதில் மட்டும் வேறுபட்டவை அல்ல. 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகை விதி வந்தது. அடுத்த படியைத் தாண்டி, 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. ஆகையால் மூன்று வருடத்து வண்டி ஆறாம் தலைமுறை. ஒன்பது, பத்து வருடத்து வண்டி மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை.

ஆறாம் தலைமுறை டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் உண்டு. பட்டறைகளில் இதை டி.பி.எஃப். என்பர். இதில் சேரும் கரி, புகைக்குழாய் மிகுந்த சூடேறும்போது தானே எரிந்து தீரும். அவ்வாறு எரிய, இஞ்சின் ஓரளவு வேகத்தில் தொடர்ந்து சிறிது நேரம் ஓட வேண்டும். தருமபுரியிலிருந்து நெடுஞ்சாலை வழியே ஓசூருக்கோ சேலத்திற்கோ போய்வரும் வண்டிக்கு இதில் சிரமமில்லை. தோட்டத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர், நின்று நின்று, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் மண்டிக்குப் போய்த் திரும்பும் வண்டிக்கோ அந்தச் சூடு வருவதேயில்லை. கரி தங்கி, எச்சரிக்கை விளக்கு எரியும். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் இழுவை குறையும். பிறகு கம்பெனிப் பட்டறையில் கணிப்பொறி பொருத்திச் சுத்தம் செய்ய வேண்டிவரும். “புதிய வண்டி அடிக்கடி தொல்லை தருகிறது” என்று கூறுவோர், தொல்லை வண்டியிலா, ஓட்டும் வகையிலா என்று பார்க்க வேண்டும். வாரத்திற்கு ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டினால் பல சமயம் இது தீரும். எல்லாச் சிறு வண்டிகளிலும் ஒரே அமைப்பு இல்லை, பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளுக்கு இப்பேச்சே இல்லை. வண்டியோடு தந்த கைப்புத்தகத்தில் இவ்விவரம் இருக்கும்.

பழைய தலைமுறை வண்டியின் சிறப்பு, அதை அறிந்த மெக்கானிக் பென்னாகரத்திலும் கடத்தூரிலும் கிடைப்பார் என்பதே. உதிரிப் பாகங்களும் எளிதில் கிடைக்கும். டாடா ஏஸ் வண்டி 2005இல் வந்தது. அசோக் லேலண்டின் தோஸ்த் வண்டி 2011 முதல் நம் பக்கத்து ஓசூரிலேயே செய்யப்பட்டு வந்தது. இவ்வாறு பல ஆண்டுகள் ஓடிப் பழகிய வண்டிகளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் நம் ஊர்களில் பல உள்ளன. தம் ஊரில் நம்பிக்கையான பட்டறை ஒன்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பழைய வண்டியின் மதிப்பு அமைகிறது. அதை விசாரிக்காமல் விலையை மட்டும் விசாரிப்பது பயனற்றது.

சட்டத்தின் கணக்கிலும் வயது புகுந்து விளையாடுகிறது. சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. எடுத்தால் போதும், அதற்குப்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். ஏழு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்குத் தமிழ்நாட்டில் பசுமை வரி உண்டு. 15 ஆண்டு கடந்த வண்டிகளின் எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்ந்தது. ஆகவே 12, 13 வயதான வண்டியை மலிவென்று எடுப்பவர், தாம் அதை எத்தனை ஆண்டு ஓட்ட நினைக்கிறார் என்பதை முன்னரே எண்ணிக்கொள்ள வேண்டும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் மட்டும் வயது பாராட்டுவதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட வீதம் 16,049 ரூபாய். புதியதற்கும் அதுவே, பழையதற்கும் அதுவே. பழைய வண்டிக்கு இதை மட்டும் எடுத்துக்கொண்டு சேத இன்சூரன்ஸை விட்டுவிடுவது வழக்கம். அவ்வாறு விட்டால், வண்டி கவிழ்ந்தாலோ களவு போனாலோ இரண்டரை லட்சமும் நம்முடைய நஷ்டம். மிச்சமென்று எழுதிய இடத்தில் இந்த அபாயத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

விலை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 28இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. வரி நீங்கலாக 8 லட்சம் விலையுள்ள புது வண்டிக்கு 80,000 ரூபாய் இறங்கியது. புது வண்டி மலிவானால், ஓடிய வண்டிக்கும் விலை இறங்கத்தானே செய்யும்? அத்தேதிக்கு முன்னர் யாரோ விற்ற விலையை மனத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது இரு தரப்பாருக்கும் குழப்பத்தையே தரும்.

தவணைதான் நோயா?

மேற்படி கணக்கில் இரண்டு வண்டிகளும் சமமாக வந்தும், ஒருவர் மாற்றிக்கொள்ளத் துடிப்பதற்குக் காரணம் உண்டு. 16,475 ரூபாய் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒவ்வொரு மாதமும் குறித்த தேதியில் வந்து நிற்கும். பழைய வண்டியின் செலவோ ஒரு மாதம் ஒன்றுமில்லை, மறுமாதம் 30,000. தவணையின் கண்டிப்புக்கு அஞ்சுகிறவர், பழுதின் எதிர்பாராமைக்கும் அஞ்ச வேண்டியவரே.

நோய் தவணையில் இருக்குமானால், முதலில் தவணைக்கு மருந்து தேடலாம். அதே 3,50,000 ரூபாய் பாக்கியை 24 மாதத்திற்குப் பதிலாக 36 மாதத்தில் கட்ட, கடன் கொடுத்தவர் இசைந்தால், நூற்றுக்கு 12 வட்டியில் மாதத் தவணை 11,625 ரூபாயாக இறங்கும். மொத்தத்தில் 23,100 ரூபாய் வட்டி மிகும். ஆனால் மாதம் 4,850 ரூபாய் மூச்சு விட இடம் கிடைக்கும். வண்டியை மாற்றிப் பழைய வண்டிக்கு உடனே 70,000 ரூபாய் செலவிடுவதைவிட இது சிலருக்கு ஏற்றதாக இருக்கும். எழுத்து மூலம் கேட்டுப் பார்ப்பதில் குறைவொன்றுமில்லை.

கேட்டும் பயனில்லை, தவணைகள் தவறத் தொடங்கிவிட்டன என்னும் நிலையில், மாற்றிக்கொள்வதே நல்லது. வண்டியைக் கடன் கொடுத்தவர் பிடித்துக்கொண்டுபோய் ஏலத்தில் விற்றால் கிடைக்கும் விலை, நாமே பேசி விற்கும் விலையினும் குறைவாகவே இருக்கும். ஆனால் அவ்வாறு மாற்றிக்கொண்டவர், விட்டுப்போன தவணையில் பாதியையேனும், மாதம் 8,000 ரூபாய் வீதம், தம் சங்கத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பாகப் போட்டுவர வேண்டும். 24 மாதத்தில் அது வட்டி நீங்கலாக 1,92,000 ரூபாயாகும். பழுதுக்கும் அதிலிருந்து எடுக்கலாம். அடுத்த வண்டிக்கும் அது முன்பணமாகும். தவணை இல்லை என்ற மகிழ்ச்சியில் அத்தொகை முழுவதும் வீட்டுச் செலவில் கலந்துவிட்டால், சில ஆண்டுகளில் வண்டியும் தீரும், பணமும் இராது.

பழைய வண்டியைப் பார்க்கும் முறை

வெற்று வண்டியை ஊர்ச்சாலையில் ஓட்டிப் பார்ப்பது சோதனையன்று. ஒரு டன் சுமையேற்றி மேட்டில் ஓட்ட வேண்டும். தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தில் இழுவையும், அதே சாலையில் சேலத்தை நோக்கி இறங்கும்போது பிரேக்கும் தெரிந்துவிடும். அவ்விறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பு தளரும். தாழ்ந்த கியரில் இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி ஓட்ட வேண்டும் என்பது ஓட்டுநர் அனைவரும் அறிந்ததே. அங்கு நேர்ந்த விபத்துகளை, 2024 ஜனவரியில் நால்வர் மாண்டதையும் சேர்த்து, யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிரேக் சந்தேகத்திற்கிடமான வண்டி எவ்வளவு மலிவானாலும் நம் மாவட்டத்திற்கு ஆகாது.

விற்பவர் வீட்டுக்கு விடியற்காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செல்வது நல்லது. நாம் போவதற்கு முன்பே இஞ்சின் சூடாக இருந்தால், ஏன் என்று கேட்கலாம். கிளப்பியவுடன் நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது; ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருமானால் போர் தேய்ந்திருக்கிறது. சேஸிஸின் அடியில் பட்டைகள் மாட்டியிருக்கும் இடத்தில் வெடிப்போ, வெல்டிங் வைத்த தடமோ இருந்தால், அவ்வண்டி அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி. ஓடிய தூரம் காட்டும் மீட்டரை நம்புவதைவிட, கிளட்ச் மிதியும் ஸ்டியரிங்கும் தேய்ந்திருப்பதை நம்பலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டன் நன்றாயிருந்தும் ஏழெட்டு ஆண்டு ஆன டயர் வெயிலில் வெடிக்கக்கூடியது. இவற்றைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்துக் கூட்டிச்செல்வது, இக்காரியத்தில் நாம் செய்யும் செலவுகளிலெல்லாம் சிறந்த செலவு.

ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையையும் பார்க்க வேண்டும். 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. அதற்கு மேற்பட்ட வண்டிக்குத் தேவை. சிறியதிலிருந்து பெரியதற்கோ, பெரியதிலிருந்து சிறியதற்கோ மாறும்போது இது மாறும். சிறிய வண்டிக்கு மாறியபின் பழைய வழக்கப்படியே சுமையேற்றினால், அளவுக்கு மீறிய சுமைக்கு 2019இன் திருத்தச் சட்டம் விதித்துள்ள அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒன்றுக்கு மேலும் 2,000.

பெயர் மாற்றம்

“தவணையை இனி நானே கட்டிக்கொள்கிறேன், கடன் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்” என்று கூறி வண்டியைக் கேட்பவர் உண்டு. உறவினராயினும், ஒரே சங்கத்து அங்கத்தினராயினும், இதற்கு இசையலாகாது. அவர் கட்டத் தவறினால் நோட்டீசு வருவது நமக்கும், நமக்கு ஜாமீன் கையெழுத்திட்ட அயலாருக்குமே. அடமானத்தில் உள்ள வண்டியை, கடன் கொடுத்தவரின் சம்மதமின்றிப் பெயர் மாற்றவும் இயலாது. ஆகையால் வித்தியாசத் தொகையை நம் கையில் வாங்குவதைவிட, நேரே கடன் கணக்கில் கட்டச் செய்து, தடையில்லாச் சான்றும், அடமானம் நீங்கியதற்கான 35ஆம் எண் படிவமும் பெற வேண்டும். 29, 30 எண்ணுள்ள படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு வண்டிகளின் பெயர் மாற்ற விண்ணப்பத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிடுவது நலம். விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பக்கத்துக் கர்நாடகத்தில் பதிவான வண்டியானால், அம்மாநிலத்துத் தடையில்லாச் சான்று கைக்கு வந்த பின்பே பணம் கைமாற வேண்டும்.

இரண்டு வண்டிகளின் எண்ணையும் அரசின் பரிவாகன் தளத்தில் இட்டால், எஃப்.சி., இன்சூரன்ஸ், அடமானம் ஆகியவற்றின் நிலை தெரியும்; கட்டாத அபராதங்களையும் அவ்வாறே காணலாம். இஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியிலேயே பார்த்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

முத்திரைத் தாளில் எழுதி வாங்கியதே போதும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கின்றனர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இங்கே நினைக்கத்தக்கது. ஒருவர் 2007இல் தம் காரை விற்றார். வாங்கியவர் மற்றொருவருக்கும், அவர் இன்னொருவருக்குமாக அது கைமாறிக்கொண்டே போயிற்று; பதிவேட்டிலோ முதலில் விற்றவர் பெயரே நின்றது. 2009இல் அக்கார் விபத்துக்குள்ளாயிற்று. பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் கொடுத்துவிட்ட புதிய வண்டி எங்கோ ஒரு சாலையில் யாரோ ஒருவர் மீது மோதினால், பெயர் மாறாதவரையில் அழைப்பு நம் வீட்டுக்கே வரும். வண்டி கைமாறும் நாளில் ஒப்படைப்புச் சீட்டு இரண்டு பிரதி எழுதி, தேதியோடு மணியையும் குறித்து, இருவரும் சாட்சிகளும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் மாறிய ஆர்.சி. கைக்கு வரும் வரையில் அச்சீட்டையும், பழைய ஆர்.சி.யின் நகலையும், அதுவரையிலான இன்சூரன்ஸ் தாளையும் ஒன்றாகக் கட்டிப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.